ஈரல் கெட்டால் இதயமும் களைக்கும்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் சுகாதாரக் குழு சார்பில் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



ஈரல் நோயைப் பற்றி ஒரு நாள் பேசுங்க என்று பல குழுக்களில் இருந்து கேட்டிருந்தீங்க. ஏன் கேட்டீங்க என்பது எங்களுக்கும் தெரியும். கால் வீங்கி, வயிறு பானை மாதிரி ஆகி, கண் மஞ்சளாகிப் படுத்துக் கிடக்கும் ஒருவரை நம்மில் பலர் வீட்டிலோ லைன் வீட்டுப் பக்கத்து வாசலிலோ பார்த்திருக்கிறோம். காலையில் அவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு எட்டரை மணிக்கு செக்கிங்குக்கோ ஓவர்லாக்குக்கோ ஓடுவது நாம்தான். ராத்திரி அவருக்கு மூச்சு வாங்கினால் எழுந்து உட்காருவதும் நாம்தான்.

ஈரல் கெட்டால் மஞ்சக்காமாலை வரும், வயிற்றில் தண்ணி கோத்துக்கொள்ளும், ரத்த வாந்தி வரும் என்பது எல்லோருக்கும் தெரிகிறது. அதே நோய் இதயத்தையும் பிடிக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறோம்.

ஈரல் சுருங்குவது என்றால் என்ன?

கல்லீரல் மெத்தென்ற உறுப்பு. சாராயமோ, மஞ்சள் காமாலைக் கிருமியான ஹெபடைடிஸ் பி, சி-யோ, கொழுப்போ வருடக்கணக்கில் அதைப் புண்ணாக்கிக்கொண்டே இருந்தால், புண் ஆறிய இடமெல்லாம் தழும்பாகிறது. தழும்பு சேரச் சேர ஈரல் கெட்டிப்பட்டு, முண்டும் முடிச்சுமாகச் சுருங்கிவிடும். இதைத்தான் டாக்டர்கள் சிரோசிஸ் என்கிறார்கள்.

குடலில் இருந்து வரும் ரத்தம் முழுவதும் ஈரல் வழியாகத்தான் போக வேண்டும். ஈரல் கெட்டியானால் வழி அடைபடும். ரத்தம் பின்வாங்கி மண்ணீரலை வீங்க வைக்கும். உணவுக்குழாயில் இருக்கும் நரம்புகளைப் புடைக்க வைக்கும். அந்த நரம்பு வெடித்தால்தான் ரத்த வாந்தி.

இதயத்துக்கு என்ன ஆகிறது?

லைன் வீட்டில் பத்து வீட்டுக்கும் ஒரே மோட்டார் என்று வைத்துக்கொள்ளுங்க. கீழ் வீட்டுக் குழாய் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் என்ன ஆகும்? மாடி வீட்டுக்குத் தண்ணி ஏறாது. தொட்டியில் தண்ணி இருந்தும் மாடி வீட்டுக்காரம்மா "தண்ணியே வரலை"ன்னு சத்தம் போடுவார்.

சிரோசிஸ் முற்றியவர் உடம்பிலும் இதுதான் நடக்கிறது. வயிற்றுப் பகுதி ரத்தக் குழாய்கள் தளர்ந்து அகலமாகிவிடும். ரத்தம் அங்கேயே தேங்கும். சிறுநீரகம்தான் அந்த மாடி வீடு. ரத்தம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு அது உப்பையும் தண்ணீரையும் வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. அந்தத் தண்ணிதான் வயிற்றிலும் காலிலும் சேருகிறது. மோட்டார் யார்? இதயம். எல்லாக் குழாயும் திறந்து கிடக்க, அது ஓய்வில்லாமல் வேகமாக ஓட வேண்டியிருக்கிறது. வருடக்கணக்கில் ஒண்ணரை ஷிப்ட் பார்த்த உடம்பு மாதிரி அது உள்ளுக்குள் தேய்ந்து போகிறது.

தேய்மானம் மூன்று விதம். ஒன்று, இதயத் தசை விறைத்துப்போய், ரத்தம் வந்து நிரம்பும் நேரத்தில் சரியாக விரியாது. இரண்டு, "வேகமாகத் துடி" என்று உடம்பு உத்தரவு போட்டாலும், தேவையான அளவுக்கு அதனால் வேகமெடுக்க முடியாது. மூன்று, இதயத்தில் ஓடும் மின்சாரம் தாமதமாகும். இது ஈசிஜியில் தெரியும். இந்த மூன்றையும் சேர்த்து சிரோட்டிக் கார்டியோமயோபதி என்று டாக்டர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள்.

முற்றிய சிரோசிஸ் நோயாளிகளில் பாதிப் பேர் வரைக்கும் இது ஏதோ ஓர் அளவில் இருக்கும் என்று சொல்லப்படுகிறது. எந்த அளவுகோலை வைத்துப் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்து இந்தக் கணக்கு கூடும், குறையும்.

1953-இல் அமெரிக்காவில் கோவால்ஸ்கி, ஆபெல்மன் என்ற இரண்டு டாக்டர்கள், சிரோசிஸ் நோயாளிகளின் இதயம் மற்றவர்களைவிட அதிகமாக ரத்தம் இறைக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். பிறகு வெகுகாலம், இதயத்தில் குறை தெரிந்தால் "குடித்ததால் வந்தது" என்றே எழுதிவிட்டார்கள். ஒரு சொட்டுக் கூடக் குடிக்காத சிரோசிஸ் நோயாளிகளுக்கும் அதே குறை இருப்பது தெரிந்த பிறகுதான், ஈரல் கெடுவதே இதயத்தைப் பிடிக்கிறது என்று ஒப்புக்கொண்டார்கள். இதற்கான அளவுகோலை 2005-இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் வகுத்தார்கள். 2019-இல் அதைத் திருத்தினார்கள்.

ஏன் வெளியே தெரிவதில்லை?

தேய்ந்த ஓவர்லாக் மெஷினில் மெல்லிய பனியன் துணி தைக்கும்போது ஒன்றும் தெரியாது. கனத்த ஃபிலீஸ் துணி வந்து, நாலு மடிப்பு சேரும் இடத்தில்தான் திணறும், ஊசி உடையும். இந்த இதயமும் அப்படித்தான். குழாயெல்லாம் அகலமாக இருப்பதால் சும்மா படுத்திருக்கும்போது அதற்குச் சுமை குறைவு. எக்கோ எடுத்தால் "பம்பிங் நார்மல்" என்றே வரும்.

கனத்த துணி எப்போது வரும்? காய்ச்சல் வரும்போது, வயிற்றுத் தண்ணியில் கிருமி சேரும்போது, ரத்த வாந்தி வரும்போது, ஏதாவது ஆபரேஷனின் போது, கல்லீரல் மாற்று அறுவையின் போது. அன்றைக்குத்தான் இதயம் கைவிடும். இதயம் இறைப்பது குறைந்தால் அடுத்து சிறுநீரகம் நிற்கும். "நேத்து வரைக்கும் பேசிட்டிருந்தாரு, திடீர்னு கிட்னி போயிடுச்சுன்னாங்க" என்று சொல்லிக் கேட்டிருப்பீங்க. அந்த "திடீர்" பல நாளாக உள்ளே தயாராகிக்கொண்டிருந்ததாக இருக்கலாம்.

வீட்டில் நாம் கவனிக்க வேண்டியவை

சகோதரிகளே, குழுக் கணக்கில் ஒரு ரூபாய் விட்டுப்போனாலும் கண்டுபிடிப்பவர்கள் நாம். அதே மாதிரி நோயாளிக்கும் ஒரு நோட்டுப் போடுங்க. தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன்பு எடை பாருங்க. நாடித் துடிப்பு, முடிந்தால் ரத்த அழுத்தம், மலம் எத்தனை முறை போனார், ராத்திரி தூங்கினாரா என்று எழுதுங்க. மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதை இல்லை, தண்ணி. டாக்டரிடம் போகும்போது இந்த நோட்டைக் காட்டினால், அவர் கேட்கும் பாதிக் கேள்விக்கு அதிலேயே பதில் இருக்கும்.

கீழே சொல்வதில் ஒன்று வந்தாலும் காலைவரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்க.

மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவது.
மயங்கி விழுவது, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்வது.
மேல் ரத்த அழுத்தம் 90-க்குக் கீழே போவது.
காய்ச்சல், வயிற்று வலி.
ரத்த வாந்தி, தார் மாதிரி கறுப்பாக மலம்.
சிறுநீர் மிகவும் குறைவது.
பகலில் தூங்கி ராத்திரி விழித்திருப்பது, பேச்சு குழறுவது, ஆள் அடையாளம் தெரியாமல் போவது.

செய்யக்கூடாதவை

முதலாவது, வலி மாத்திரை. டைக்ளோபினாக், இபுபுரூபன் போன்றவை நம்ம ஊரில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் மிட்டாய் மாதிரி வாங்கிப் போடும் மாத்திரைகள். சிரோசிஸ் நோயாளிக்கு இது ஒன்றே சிறுநீரகத்தை நிறுத்திவிடும். காய்ச்சலுக்கோ வலிக்கோ பாரசிட்டமால் தரலாமா, எவ்வளவு என்பதை டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்க. நாளைக்கு 2 கிராமுக்கு மேல் போகக்கூடாது என்பதுதான் பொதுவாக அவர்கள் சொல்லும் அளவு.

இரண்டாவது, "சோர்வா இருக்கார், ஒரு குளுக்கோஸ் ஏத்துங்க" என்று நாமே கேட்பது. அந்த பாட்டிலில் உப்புத் தண்ணி இருந்தால், ஏற்கனவே உப்பை வெளியே விட முடியாத உடம்பில் இன்னும் உப்பு சேரும். களைத்த இதயத்துக்கு இன்னும் சுமை. டாக்டர் தேவை என்று முடிவு செய்தால் மட்டும் ஏற்றட்டும்.

மூன்றாவது, வயிற்றுத் தண்ணி எடுக்கும்போது ஆல்புமின் ஊசியை விட்டுவிடுவது. ஒரே தடவையில் 5 லிட்டருக்கு மேல் எடுத்தால், எடுக்கும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 முதல் 8 கிராம் ஆல்புமின் ஏற்ற வேண்டும். 8 லிட்டர் எடுத்தால், 20 கிராம் உள்ள பாட்டில் ஏறக்குறைய மூன்று. விலை அதிகம் என்பதால் "தண்ணி எடுத்தாப் போதும், ஊசி வேண்டாம்" என்று சொல்லிவிடுகிறோம். ஊசி இல்லாமல் எடுத்தால் சில நாளில் ரத்த ஓட்டம் சரிந்து, இதயமும் சிறுநீரகமும் சேர்ந்து அடி வாங்கும். எடுத்த தண்ணியும் சீக்கிரமே திரும்பிவிடும்.

நான்காவது, மாத்திரையை நாமாகக் கூட்டிக் குறைப்பது. ப்ரோப்ரனலால், கார்வெடிலால் என்ற மாத்திரைகள் புடைத்த நரம்பு வெடிக்காமல் காக்கத் தரப்படுகின்றன. நாடித் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் இவை குறைக்கும். அழுத்தம் மிகவும் இறங்கினால் டாக்டர் அளவைக் குறைப்பார் அல்லது நிறுத்துவார். நாமே திடீரென்று நிறுத்தினால் ரத்த வாந்தி வரலாம். மருந்துக் கடையில் எது வாங்கினாலும் "இவருக்கு சிரோசிஸ்" என்று சொல்லியே வாங்குங்க. சில ஆன்டிபயாடிக் மாத்திரைகளும் சில வாந்தி மருந்துகளும் இதயத்தின் மின் ஓட்டத்தை இன்னும் தாமதமாக்கும்.

சாப்பாடு

ஒரு நாள் முழுவதற்கும் சேர்த்து உப்பு ஒரு டீஸ்பூன். அதாவது 5 கிராம். ஊறுகாய், அப்பளம், வடகம், கருவாடு, மோர் மிளகாய், மிக்சர், பேக்கரி பப்ஸ் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும்.

"ஈரல் நோய்க்குப் பத்தியம்" என்று சொல்லி வெறும் கஞ்சியும் ரசம் சாதமும் கொடுப்பது நம்ம வழக்கம். அதனால் உடம்புச் சதை கரைந்து போகிறது. உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். 50 கிலோ ஆளுக்கு 60 முதல் 75 கிராம். பருப்பு, பயறு, தயிர், முட்டை தாராளமாகக் கொடுங்க. ராத்திரி படுக்கும் முன்பு ஒரு சிறு உணவு கட்டாயம். இரவெல்லாம் வெறும் வயிற்றோடு இருந்தால் ஈரல் சதையைத்தான் கரைக்கும்.

இளநீர் குளிர்ச்சி என்று தினமும் வாங்கிக் கொடுப்பவர்கள் உண்டு. ஆல்டக்டோன் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு உடம்பில் பொட்டாசியம் ஏறும். இளநீரிலும் அதுதான் நிறைய இருக்கிறது. அதிகமானால் இதயத் துடிப்பே தடுமாறும். எனவே கேட்டுக் கொடுங்க.

இதற்கு மருந்து உண்டா?

இந்த இதயக் குறைக்கென்று தனி மருந்து இன்றுவரை இல்லை. ஈரலைக் கெடுப்பதை நிறுத்துவதுதான் முதல் மருந்து. குடிப்பவர் குடியை விட வேண்டும். ஆனால் தினமும் நிறையக் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம். ஆகவே மருத்துவமனையில் சொல்லி, மருந்தோடு நிறுத்த வேண்டும். ஹெபடைடிஸ் பி இருந்தால் கட்டுப்படுத்த மாத்திரை உண்டு. ஹெபடைடிஸ் சி இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு 12 வார மாத்திரையிலேயே கிருமி போய்விடும். ஈரல் முற்றியிருந்தால் இன்னும் சில வாரம் கூடலாம். 2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இவற்றுக்கான பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

முற்றிய நிலையில் கடைசி வழி கல்லீரல் மாற்று அறுவை. மாற்றிய பிறகு சில மாதங்களில் பலருக்கு இதயமும் தேறி வருகிறது. ஆனால் அந்த அறுவை நேரமே இதயத்துக்குப் பெரிய சோதனை. அதனால்தான் முன்பே ஈசிஜி, எக்கோ என்று பல தடவை பார்க்கிறார்கள். இந்தியாவில் முதன்முதலில் வெற்றியடைந்த கல்லீரல் மாற்று 1998-இல் டெல்லியில் நடந்தது. நோயாளி நம் காஞ்சிபுரத்தைச் சேர்ந்த 20 மாதக் குழந்தை. அப்பா ஈரலில் ஒரு பகுதி கொடுத்தார். அந்தக் குழந்தை வளர்ந்து டாக்டராகிவிட்டார். நம் மாநில அரசு மருத்துவமனைகளில் சென்னை ஸ்டான்லியில் 2009-இல் இந்த அறுவை தொடங்கியது.

சகோதரிகள் கேட்ட கேள்விகள்

"எங்க வீட்டுக்காரருக்கு அஞ்சு வருஷமா பிரஷர் இருந்துச்சுங்க. ஈரல் நோய் வந்தப்புறம் மாத்திரை இல்லாமலே நார்மல் ஆயிடுச்சு. நல்லதுதானுங்களே?"

இல்லைங்க அக்கா. ரத்தக் குழாய் அகன்றதால்தான் அழுத்தம் இறங்கியிருக்கிறது. நோய் முற்றுவதற்கு அது ஓர் அடையாளம். பழைய பிரஷர் மாத்திரையை இன்னும் போட்டுக்கொண்டிருந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்க.

"எக்கோ நல்லா இருக்குன்னுட்டாங்க. ஆனா நாலு படி ஏறினா மூச்சு வாங்குதே?"

பம்பிங் சரியாக இருந்தாலும் இதயம் விரிவதில் குறை இருக்கலாம். "விரியறது எப்படி இருக்குன்னு பார்த்தீங்களா?" என்று தைரியமாகக் கேளுங்க. எக்கோவிலேயே அதைப் பார்க்க முடியும். வயிற்றுத் தண்ணி மேலே அழுத்துவதாலும், நெஞ்சுக்கூட்டில் தண்ணி சேர்வதாலும், ரத்தசோகையாலும் மூச்சு வாங்கலாம். எது என்று டாக்டர்தான் சொல்ல முடியும்.

"என் மாமியார் வாழ்நாள்ல குடிச்சதில்லை. அவங்களுக்கு எப்படி சிரோசிஸ்? ஊரே ஒரு மாதிரிப் பேசுது."

சர்க்கரை நோய், உடல் பருமனால் ஈரலில் கொழுப்பு சேர்ந்தும் வரும். கிருமியாலும் வரும். சிரோசிஸ் என்றதும் குடிகாரப் பட்டம் கட்டுவதை நம் குழுக்களிலாவது நிறுத்துவோம். அந்தப் பேச்சுக்குப் பயந்தே எத்தனையோ பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருக்கிறார்கள்.

"கீழாநெல்லி கொடுத்தா சரியாயிடும்ங்கறாங்களே?"

1988-இல் சென்னை ஆராய்ச்சியாளர்கள் கீழாநெல்லி வகையைக் கொடுத்துப் பார்த்ததில் ஹெபடைடிஸ் பி கிருமி பலருக்குப் போனதாக, லண்டனில் வெளியாகும் லான்செட் பத்திரிகையில் எழுதினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு வேறு நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. சுருங்கிய ஈரலைத் திருப்பும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பெயர் தெரியாத பொடி, லேகியத்தை நம்பி மாத்திரையை நிறுத்தாதீங்க.

"மனைவிதான் ஈரல் கொடுக்கணும்னு வீட்ல எல்லாரும் சொல்றாங்க. எனக்கு பயமா இருக்குங்க."

பயப்படுவது தப்பில்லை, கண்ணு. 1994-ஆம் வருட உறுப்பு மாற்றுச் சட்டப்படி, கொடுப்பவர் முழு மனதோடு சம்மதித்தால்தான் எடுக்க முடியும். உங்களுக்கும் எல்லாப் பரிசோதனையும் உண்டு. டாக்டரைத் தனியாகப் பார்த்து "எனக்கு விருப்பமில்லை" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. கொடுக்க விரும்பினால் அது பெரிய மனசு. கொடுக்காவிட்டால் அது குற்றம் இல்லை. மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புக்காக அரசுப் பட்டியலில் பதிவு செய்யும் வழியும் இருக்கிறது.

செலவுக்கு எங்கே போவது?

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறோம். மீட்டர் வட்டிக்காரரிடம் கையெழுத்துப் போடும் முன்பு, உங்கள் குழுத் தலைவியிடம் வந்து சொல்லுங்க. கந்துவட்டியைத் தடுக்க 2003-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்திருக்கிறது.

முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் நடக்கிறது. கல்லீரல் மாற்று அறுவையும் அதில் உண்டு. ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் அட்டை எடுக்கலாம். நோய் வந்த பிறகு அலையாமல் இப்போதே எடுத்து வைப்பது நல்லது.

பனியன் கம்பெனியில் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்று சம்பளச் சீட்டைப் பாருங்க. ஈ.எஸ்.ஐ. உள்ளவருக்கும் குடும்பத்துக்கும் சிகிச்சை கிடைக்கும். பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: வயிற்றில் தண்ணி சேர்ந்த சிரோசிஸும், இதயத்தசை நோயும் ஈ.எஸ்.ஐ.யின் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருக்கின்றன. காப்பீடு உள்ள தொழிலாளிக்கே இந்த நோய் வந்தால், இரண்டு வருடம் தொடர்ந்து வேலையில் இருந்து, குறிப்பிட்ட நாட்கள் சந்தா கட்டியிருந்தால், சம்பளத்தில் 80 சதவீதம் வரை, அதிகபட்சம் இரண்டு வருடத்துக்கு உதவித்தொகை பெற வழி இருக்கிறது. "வேலைக்குப் போக முடியலை, கணக்கை முடிச்சுக்கறேன்" என்று கம்பெனியில் எழுதிக் கொடுக்கும் முன்பு ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் விசாரியுங்க. அவசரப்பட்டு எழுதிக் கொடுத்தால் இந்த உரிமை போய்விடும்.

நாம் எடுக்கும் தீர்மானம்

ஒன்று, ஒவ்வொரு பகுதியிலும் ஒரு ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியும் எடை மெஷினும் குழுப் பொது நிதியில் வாங்கி வைப்போம். இரண்டு, ஈரல் நோயாளி உள்ள வீட்டுக்கு ஒரு நோட்டு கொடுத்து, எழுதச் சொல்லித் தருவோம். தமிழ் தெரியாத வெளிமாநிலக் குடும்பம் லைனில் இருந்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்வோம். மூன்று, அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொருவரும் காப்பீட்டு அட்டையும் ஈ.எஸ்.ஐ. அட்டையும் எடுத்து வருவோம். இல்லாதவர் பெயரை எழுதி, சேர்ந்து போய் வாங்கித் தருவோம்.

நான்காவது நமக்காக. நோயாளியைப் பார்த்துக்கொள்கிற பெண்ணுக்கும் உடம்பு உண்டு. அந்த வீட்டுக்கு வாரம் ஒரு நாள் ராத்திரி குழுவில் ஒருவர் துணைக்குப் போவோம். அவர் ஒரு நாளாவது நிம்மதியாகத் தூங்கட்டும்.